மைக் அக்காவின் சிலிண்டர்

பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் கேட்கும் குரலுக்கு ஒரு உடம்பும் உண்டு என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. உண்டு. நாற்பத்து நான்கு வயது, குட்டை உருவம், இரண்டு முழங்காலிலும் வலி. இரண்டாவது மாடியில் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு மைக், ஒரு சுழல் நாற்காலி, சத்தத்தை மட்டும் தாராளமாகத் தரும் ஒரு மின்விசிறி. காலை ஆறு மணிக்கு அவள் உட்கார்ந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் கீழே கூட்டம் மூட்டை முடிச்சோடு ஓடும். ஓடி முடித்த பிறகு பக்கத்து ஆளைப் பார்த்து, "எந்த பிளாட்பாரம்னு சொன்னாங்க?" என்று கேட்கும். ஊருக்கே கேட்கிற குரல். காது கொடுக்கத்தான் ஆளில்லை.

எல்லோரும் அவளை மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இயற்பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் அவள் மைக் அணைவதில்லை. கழுவும் பாத்திரத்திடம் பேசுவாள், மடிக்கும் துணியிடம் பேசுவாள், பேச்சுத் துணைக்குக் கணவரையும் சேர்த்துக்கொள்வாள். அந்த நல்ல மனிதர் "ம்" கொட்டுவதில் கெட்டிக்காரர். தூங்கிக்கொண்டே "ம்" கொட்டும் வித்தையைக் கல்யாணமான இரண்டாம் வருடமே கற்றுவிட்டார்.

அவருடைய தங்கை, அதாவது மைக் அக்காவின் நாத்தனார், இரண்டு தெரு தள்ளி இருந்தாள். பல் மருத்துவமனையில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, நோயாளியின் வாயில் குழாயைப் பிடித்து எச்சிலை உறிஞ்சி எடுக்கிற வேலை. அவள் ஒரு வாரம் பேசுவதை மைக் அக்கா பல் தேய்க்கும்போதே பேசி முடித்துவிடுவாள். இருபது வருடமாக இருவருக்கும் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. ஒருத்தி பேச, ஒருத்தி பார்க்க, பண்டிகை, விசேஷம் எல்லாமே அப்படியே ஓடிப்போனது.

இந்த நாத்தனார்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

போன வருடம் மைக் அக்காவின் தொண்டை கட்டிக்கொண்டது. தொண்டை டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, வாரத்தில் ஒரு அரை நாளாவது வாயே திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். எழுதியதைக் குடும்பமே கூடிப் படித்தது. கணவர் முகத்தில் வந்த ஒளியை மைக் அக்கா கவனிக்காமல் இல்லை.

"அரை நாளா? நானா? வாயில துணிய அடைச்சாத்தான் உண்டு," என்றாள் அவள்.

மூலையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அந்த மாதத்துக்கான வாக்கியத்தைச் சொன்னாள். "என்கூட கடலுக்கடியில வாங்க அண்ணி. அங்க வாயை மூடித்தான் ஆகணும்."

நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறாள் என்பது குடும்பத்துக்குத் தெரிந்த ரகசியம். யாரும் பெரிதாகக் கேட்டதில்லை, அவளும் பெரிதாகச் சொன்னதில்லை. அவள் சொன்னது அழைப்பா, குத்தலா என்று மைக் அக்கா ஒரு ராத்திரி யோசித்தாள். குத்தல்தான் என்று முடிவு செய்து, அதற்காகவே கிளம்பினாள்.

கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். "மேல கீழ போறதே நம்ம பொழப்பும்மா. ஒரே வித்தியாசம், இங்க பட்டன் கிடையாது," என்றார். நீச்சல் குளத்தில் ஆறு வாரம் பாடம். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். வாயில் கடித்திருக்கும் ரப்பர் வழியாகத்தான் மூச்சு. மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. மேலே வரும்போது அவசரம் ஆகாது. மைக் அக்கா எல்லாவற்றிலும் தேறினாள். தேர்வுத் தாளில் கேள்விக்குப் பதிலோடு, கேட்காததற்கும் சேர்த்து எழுதியிருந்தாள்.

கடலில் முதல் தடவை இறங்கியபோது அவளுக்கு நடந்ததை எந்த அறிவிப்பிலும் சொல்ல முடியாது. படிக்கட்டு ஏறும்போதெல்லாம் திட்டு வாங்குகிற அந்த இரண்டு முழங்காலும் காணாமல் போயின. உடம்பு இருந்தது, எடையைக் காணோம். சிலிண்டரைத் தாங்கும் காற்றடைக்கிற ஜாக்கெட்டில் துளி காற்று விட்டால் மேலே மிதந்தாள், மூச்சை விட்டால் இலை மாதிரி இறங்கினாள். எட்டாம் நம்பர் வண்டி எப்போது வரும் என்று கேட்க ஒரு ஆளில்லை. நீலமும் மஞ்சளுமாக நூறு மீன்கள், போகும் ஊர் எழுதாத பேருந்துகள் மாதிரி, அவைபாட்டுக்கு ஒரே நேரத்தில் திரும்பின. மேலே வந்ததும், "அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்று அவள் கேட்டாள். முதல் தடவை இறங்கி வருகிறவர்கள் இரண்டே வகை. "அப்பாடா" என்பவர்கள் திரும்ப வருவதில்லை. "அடுத்தது எப்போ" என்பவர்களைத் தடுத்து நிறுத்த முடியாது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. காற்று.

சிலிண்டரில் இருநூறு பார் அழுத்தத்தில் அடைத்த காற்றோடு எல்லோரும் இறங்குவார்கள். மீட்டரில் முள் ஐம்பதைத் தொட்டால் மேலே ஏறிவிட வேண்டும். அங்கே எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் போவது. மைக் அக்காவுக்கு ஜோடி நாத்தனார். ஒருத்தர் ஏறினால் ஜோடியும் ஏற வேண்டும். மாஸ்டர், ஒரு பேக்கரிக்காரர், ஒரு கணக்கு வாத்தியார், இவர்கள் இரண்டு பேர் என்று அந்தக் குழுவில் மொத்தமே ஐந்து பேர், ஒரே படகு. அதனால் ஒருத்தர் முள் ஐம்பதைத் தொட்டால் ஐந்து பேரும் மேலே. மற்றவர்கள் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் தாக்குப்பிடிப்பார்கள். மைக் அக்காவின் முள் இருபத்து நான்காவது நிமிடத்திலேயே ஐம்பதில் வந்து உட்கார்ந்தது. யானைப் பசிக்கு மூச்சு விட்டாள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் யார் மீட்டர் குறைவாகக் காட்டுகிறதோ அவர், கரைக்கு வந்ததும் ஐந்து பேரின் ரப்பர் சூட்டையும் ஜாக்கெட்டையும் நல்ல தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் கழுவி, கொடியில் போட வேண்டும். பத்தொன்பது ஞாயிறு தொடர்ந்து மைக் அக்காதான் கழுவினாள். பேக்கரிக்காரர் சூட்டைக் கழற்றி நீட்டும்போது, "மன்னிச்சுக்கங்க, இந்த வாரம் கொஞ்சம் கசங்கியிருக்கு, அயர்ன் பண்ணிடுங்க," என்பார். கணக்கு வாத்தியார் அவள் மூச்சை வகுத்துப் பெருக்கி, "அக்கா, நீங்க ரெண்டு பேருக்கு மூச்சு விடறீங்க," என்று விடை சொன்னார்.

மாஸ்டர் தன்னால் ஆனதெல்லாம் செய்தார். இடுப்புப் பட்டையில் ஈயக் கட்டியைக் குறைத்தார். காலில் மாட்டும் துடுப்பை மாற்றினார். கையை வீசாமல் கட்டிக்கொண்டு நீந்தச் சொன்னார். முள் அசைந்துகொடுக்கவில்லை. "இந்த லிஃப்ட்ல கோளாறு எங்கன்னே தெரியலம்மா," என்று கையை விரித்தார்.

இப்படியே போயிருந்தால் மைக் அக்கா வாழ்நாள் முழுக்கத் துணி கழுவிக்கொண்டு சந்தோஷமாகவே இருந்திருப்பாள். அப்போதுதான் மாஸ்டர் மஞ்சள் கப்பல் பயணத்தை அறிவித்தார்.

மஞ்சள் கப்பல் என்பது அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களை ஏற்றிப் போன பழைய பயணிகள் கப்பல். பாலம் வந்ததும் அதற்கு வேலை போனது. ஆறு வருடத்துக்கு முன் மீன்களுக்கு வீடாகட்டும் என்று கழுவிச் சுத்தம் செய்து கடலில் இறக்கிவிட்டார்கள். மேல்தளம் பதினெட்டு மீட்டர் ஆழத்தில். படகில் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம்.

"அவ்வளவு தூரம் போயிட்டு இருபது நிமிஷத்துல திரும்ப முடியாது," என்றார் மாஸ்டர். "அடுத்த ஞாயிறு இங்கயே பன்னிரண்டு மீட்டர்ல நாற்பது நிமிஷம். மேல வரும்போது முள்ளு அறுபதுக்குக் கீழ இருந்தா, அவங்க கரையில. யாரா இருந்தாலும்." 'யாரா இருந்தாலும்' என்று சொல்லும்போது தொட்டிப் பக்கமே பார்த்தார்.

தொட்டியில் முழங்கை வரை நனைந்திருந்த மைக் அக்கா நிமிரவில்லை. பத்தொன்பது வயதில் அவளுடைய முதல் வேலை அந்தக் கப்பல் துறையில்தான். "மஞ்சள் கப்பல் இன்னும் பத்து நிமிடத்தில் புறப்படும்" என்று நான்கு வருடம் அதை அனுப்பி வைத்தவள் அவள். பாலம் திறந்த அன்று கப்பலின் கடைசிப் பயணம். அன்று அவளுக்கு விடுமுறை கொடுத்து, யாரோ மந்திரியின் பேச்சைப் போட்டுவிட்டார்கள். அதைக் கடைசியாக ஒரு முறை அனுப்பி வைக்கவில்லையே என்பது அவள் எல்லோரிடமும் சொல்லி, யாரும் கேட்காமல் விட்ட கதைகளில் ஒன்று.

மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகு நாத்தனார் தொட்டிக்கு வந்தாள். கழுவி வைத்திருந்த வாய் ரப்பரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருத்துவமனையில் பல் செட்டைப் பார்க்கிற அதே பார்வை.

"இது மூணாவது ரப்பர் இல்ல?"

"ஆமா. மட்டமான சரக்கு. சீக்கிரம் தேஞ்சுபோவுது."

"தேயல அண்ணி. கடிச்சா பல்லு ஒரே இடத்துல பதியும். இது பூரா பதிஞ்சிருக்கு. நீங்க உள்ள பேசறீங்க."

"யாரு, நானா? தண்ணிக்குள்ளயா? உனக்கென்ன கிறுக்கா?"

நாத்தனார் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு இறங்கினதும், 'அப்பா, ஜில்லுன்னு இருக்குடி' அப்படின்னீங்க. பெரிய பாறைகிட்ட, 'இந்த மீனு மூஞ்சி அப்படியே எங்க டிப்போ மேனேஜர்' அப்படின்னீங்க. அந்தப் பிளந்த பாறைகிட்ட..."

"போதும், போதும்."

"'முன்னாடி போறா பாரு மகாராணி. பின்னாடி ஒருத்தி வர்றாளே, இருக்காளா போனாளான்னு திரும்பிப் பாக்கறாளா? கொம்பு முளைச்சவ' அப்படின்னீங்க."

மைக் அக்காவின் கையிலிருந்த சூட் தொட்டிக்குள் நழுவியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தரையில் கத்தி மாட்டிக்கொண்டது. பத்தொன்பது ஞாயிறாகத் தான் அங்கே என்னென்ன பேசினோம் என்று அவள் மனசு பின்னாலிருந்து புரட்டிப் பார்த்தது. ஒரு பக்கமும் உருப்படியாக இல்லை.

"அது எப்படி உனக்கு... வெறும் குமிழிதானே வரும்?"

"இருபத்து ரெண்டு வருஷமா வாய் நிறைய பஞ்சும் குழாயும் வச்சுக்கிட்டு பேசறவங்ககூட வேலை பாக்கறேன் அண்ணி. 'ஆ ஊ'ன்னா எனக்கு முழு வாக்கியம்."

"அடிப்பாவி! அப்போ முதல் நாள்லேருந்தே கேட்டுக்கிட்டா இருந்த?"

"ம்." அது கணவர் கொட்டுகிற 'ம்' இல்லை. "ஒன்பதாவது தடவை, உங்க மாஸ்க் கழண்டுச்சே, 'பயமா இருக்கு, கையை விட்டுடாத' அப்படின்னீங்க. விட்டேனா?"

விடவில்லை. மேலே வரும்வரை அந்தப் பிடி இருந்தது மைக் அக்காவுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. மணிக்கட்டில் ஒரு வாரம் தடம் இருந்தது.

"இத்தனை நாள் ஏண்டி சொல்லல?"

நாத்தனார் ரப்பரைத் துடைத்துக் கீழே வைத்தாள். "கேக்க நல்லா இருந்துச்சு. வீட்டுல நீங்க எல்லாருக்கும் பேசுவீங்க. உள்ள எனக்கு மட்டும்தானே கேக்குது." பிறகு, இவ்வளவு பேசிவிட்டோமே என்று அவளுக்கே ஒரு மாதிரி ஆகி, எழுந்துகொண்டாள். "அடுத்த ஞாயிறு வாயைத் திறக்காதீங்க. மேல வந்து சொல்லுங்க. படகுலேருந்து வீடு வரைக்கும் கேக்கறேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"நடுவுல தூங்கிட மாட்டியே, உங்கண்ணன் மாதிரி?"

"கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டே கேக்கறேன். போதுமா?"

நாய் வாலை நிமிர்த்துவது சுலபம், மைக் அக்காவின் வாயை மூடுவது கஷ்டம் என்று ஊரில் சொன்னவர்களுக்கு ஒன்று தெரியாது: அவள் இருபத்தைந்து வருடமாக மூடித்தான் வைத்திருக்கிறாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தால் பேச்சு, அணைந்தால் கப்சிப். கட்டைவிரலின் கீழ் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அறிவிக்க வேண்டிய வண்டிகள் குவிந்தால் ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வரிசையாக அடுக்கி வைப்பாள். நேரம் வரும்போது ஒவ்வொன்றாக எடுப்பாள். ஒரு சீட்டும் தவறியதில்லை.

ஞாயிறு காலை அவள் தண்ணீருக்குள் இறங்கியதும் இடது கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் அழுத்திக்கொண்டாள். மைக் ஆஃப்.

முதல் ஐந்து நிமிடம் நரகம். டிப்போ மேனேஜர் மீன் வேண்டுமென்றே மாஸ்க்குக்கு முன்னால் வந்து நின்று வாயைத் திறந்து மூடியது. சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். சீட்டு எண் ஒன்று: மேனேஜர், பெரிய பாறை, இன்று கொஞ்சம் இளைத்திருக்கிறார்.

பத்தாவது நிமிடத்தில் ஏதோ மாறியது. சொல்வதற்கு அவசரம் இல்லாததால் பார்ப்பதற்கு நேரம் கிடைத்தது. இவ்வளவு நாள் ஒரு மீனைப் பார்த்ததும் அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, முடிப்பதற்குள் மீன் போய்விடும். இன்று மீன் போகவில்லை. அவள் சத்தத்துக்குப் பயந்துதான் அவையெல்லாம் ஓடியிருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. பிளந்த பாறையின் இடுக்கில் ஒரு கல் கண்ணைத் திறந்தது. கல் இல்லை, கணவாய் மீன். பழுப்பாக இருந்தது வெளுத்தது, வெளுத்தது கோடு கோடாக மாறியது, பக்கத்துப் பாசியைப் பார்த்துக்கொண்டே பாசி நிறத்துக்கு வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி தொங்கினார்கள். அவள் மூச்சு நீளமாக, சோம்பேறித்தனமாக வந்து போனது. உள்ளே இழுத்தால் ஒரு சாண் மேலே, வெளியே விட்டால் ஒரு சாண் கீழே. ஊஞ்சல் கட்டாத ஊஞ்சல். இதற்காகத்தான் இந்த ஊமைச்சி வாரா வாரம் வருகிறாளா என்று நினைத்தாள். நினைத்ததைச் சொல்லாமல், அதையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள்.

முப்பத்து மூன்றாவது நிமிடம். முள் எண்பத்தைந்தில். நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் கண் மாஸ்க்குக்குள் விரிந்தது. மைக் அக்காவுக்கு மேலே, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய திருக்கை, கொடியிலிருந்து காற்றில் பறந்த போர்வை மாதிரி மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணீ! மேல! மேல பாருங்க! ஐயோ, எவ்வளவு பெருசு!"

குமிழிகள் கொத்துக் கொத்தாகப் பறந்தன. வாயில் பஞ்சு வைத்தவர்களோடு ஒரு நாள்கூட வேலை பார்க்காத மைக் அக்காவுக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அவள் மேலே பார்த்தாள், ஆசை தீரப் பார்த்தாள். பிறகு திரும்பி, ஆள்காட்டி விரலை வாய் ரப்பருக்கு முன்னால் வைத்தாள். உஷ்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. ஊதி வெளியேற்றினாள், மறுபடி சிரித்தாள், மறுபடி ஊதினாள். காற்று காற்றாகச் செலவானது.

ஏறும் வழியில் விதிப்படி ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, ஐந்து பேரும் மேலே வந்தார்கள். மாஸ்டர் படகில் ஒவ்வொரு மீட்டராகப் பார்த்தார். அவரும் பேக்கரிக்காரரும் எழுபதுக்கு மேல். கணக்கு வாத்தியார் அறுபத்தெட்டு. மைக் அக்கா அறுபத்து நாலு. மாஸ்டர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் அறுபத்து நாலிலேயே நின்றது. நாத்தனார் அறுபத்தொன்று.

"கோளாறு சரியாயிடுச்சு போல. என்னம்மா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல மாஸ்டர். அதான் செஞ்சேன்."

பேக்கரிக்காரர் பழக்க தோஷத்தில் தன் ஈர சூட்டை அவள் பக்கம் நீட்டினார். மைக் அக்கா அதை இரண்டு விரலால் வாங்கி நாத்தனார் மடியில் போட்டாள். "வழக்கம்னா வழக்கம்தான். காலர்ல நல்லாத் தேய்ம்மா."

கரைக்கு வந்ததும் நாத்தனார் கழுவினாள். மைக் அக்கா ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சீட்டு எண் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்து சூட், ஐந்து ஜாக்கெட் கழுவி முடியும்போது கணவாயின் மூன்றாவது நிறத்துக்குத்தான் வந்திருந்தாள். மீதி வீட்டு வாசல் வரை. நாத்தனார் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். இரண்டு இடத்தில் "அப்புறம்?" என்றுகூடக் கேட்டாள்.

அடுத்த மாதம் அவர்கள் மஞ்சள் கப்பலுக்குப் போனார்கள். நீலத்துக்கு உள்ளிருந்து அது பெரிதாகிப் பெரிதாகி வந்தது. மஞ்சள் புகைபோக்கியில் மஞ்சள் இல்லை, சிவப்பும் ஊதாவுமாகப் பாசி. பயணிகள் வரிசையில் நின்ற கம்பித் தடுப்புக்குள் சின்ன மீன்கள் வரிசையில் நின்றன, தள்ளுமுள்ளு இல்லாமல். மேல்தளத்துக் கம்பத்தில் ஒலிபெருக்கியின் கூம்பு இன்னும் இருந்தது. அதற்குள் ஒரு நண்டு குடித்தனம் நடத்தியது.

மைக் அக்கா கம்பத்துக்குப் பக்கத்தில் மிதந்தாள். மீட்டரைப் பார்த்தாள்: நூற்றுப் பத்து. நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு விரலைக் காட்டினாள். ஒன்றே ஒன்று.

இடது கட்டைவிரல் சுவிட்சிலிருந்து எழுந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றாள் மைக் அக்கா. பத்தொன்பது வயதில் சொன்ன அதே ஏற்ற இறக்கம், கமா போட்ட இடத்தில் கமா. "மஞ்சள் கப்பல் வந்து சேர்ந்தது. எல்லாரும் பத்திரமா இறங்கிட்டாங்க. நீ தூங்கலாம்."

வெளியே வந்தது குமிழியும் உறுமலும்தான். நண்டு உள்ளே பதுங்கிக்கொண்டது. மாஸ்டர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்து, கையால் 'சரியா?' என்று கேட்டார். நாத்தனார் விரலை வட்டமாக்கி 'சரி' என்று காட்டினாள். பிறகு அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பழைய தடம் இருந்த அதே இடத்தில்.

முள்ளில் ஐந்து பார் குறைந்திருந்தது. போனால் போகிறது, அன்றைக்குத் துணியைத் தானே கழுவிக்கொள்ளலாம் என்று மைக் அக்கா விரலை மறுபடி அழுத்தினாள். படகு கரைக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சொல்ல வேண்டிய சீட்டுகள் அவளிடம் ஏற்கெனவே பதினாறு.